கண்ணாடி கெட்டில் மக்கர் செய்தால்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

எங்கள் வீட்டில் எவர்சில்வர் கெட்டில் ஒன்று ஏழு வருடம் ஓடியது. அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. அது போய்க் கண்ணாடி கெட்டில் வந்த மூன்றாவது வாரம் அம்மா கூப்பிட்டார். "தம்பி, இங்க வந்து பாரு. அடியில வெள்ளையா என்னமோ படிஞ்சிருக்கு. இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறோமா?" சிங்கப்பூரின் ஈசூனில் அதே வீடு, அதே குழாய். பழையதிலும் இதே வெள்ளைதான் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக் கெட்டில் ஒன்றிரண்டைச் சரிசெய்து கொடுத்ததிலிருந்து, எங்கள் புளோக்கில் எது படுத்தாலும் என்னிடம் வந்துவிடுகிறது. பார்த்த வரையில் ஒன்று சொல்லலாம். கண்ணாடி வழியாகப் பளிச்சென்று தெரிகிற குறைகளில் முக்கால்வாசி குறையே அல்ல. பயப்பட வேண்டியவை கண்ணாடியில் தெரியாத இடங்களில் இருக்கின்றன: பிளக்கில், அடிப்பீடத்தில், கைப்பிடிக்குள், கண்ணாடியும் எவர்சில்வர் வளையமும் சேரும் விளிம்பில். அறிகுறி வாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

எதைத் தொடும் முன்பும் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். பியூஸ் மாற்ற ஒரு சின்னத் திருப்புளி தவிர இங்கே சொல்லும் எதற்கும் கருவி தேவையில்லை.

விளக்கும் எரியவில்லை, சூடும் ஏறவில்லை

பெரும்பாலான கண்ணாடி கெட்டில்களில் அடியில் நீல விளக்கு ஒன்று எரியும். அழகுக்குத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் பாதி நோயை அதுவே சொல்லிவிடும். விளக்கே இல்லை என்றால் மின்சாரம் உள்ளே போகவில்லை. அதே சாக்கெட்டில் கைபேசி சார்ஜரை மாட்டிப் பாருங்கள். சார்ஜர் வேலை செய்தால் சாக்கெட் மேல் பழி இல்லை.

அடுத்து, கடைசியாக என்ன நடந்தது என்று யோசியுங்கள். காலை அவசரத்தில் தண்ணீர் ஊற்றாமலே ஸ்விட்சைத் தட்டிவிட்டீர்களா? சூடேறும் தட்டுக்கு அடியில் ஓர் ஈருலோகத் தகடு இருக்கிறது. தட்டு அளவுக்கு மீறிச் சூடானால் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கெட்டில் செத்துப்போனது போலத் தோன்றும், சாகவில்லை. பீடத்திலிருந்து எடுத்து அரை மணி நேரம் தானாக ஆற விடுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். கண்ணாடி விரிசல் விடுவது அந்த நேரத்தில்தான். ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றிப் போட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

எழவில்லையா? அடிப்பீடத்தைக் கவிழ்த்துத் தட்டுங்கள். நடுவில் இருக்கும் வட்ட இணைப்புக்குள் சிற்றெறும்பும் குட்டிக் கரப்பானும் கதகதப்புத் தேடிக் குடியேறும். விசித்திரமாகத் தோன்றலாம், இரண்டு முறை என் கையாலேயே தட்டி எடுத்திருக்கிறேன். பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் பிளக்கிலுள்ள பியூஸைப் பாருங்கள். 2000 வாட் கெட்டில் நம் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். ஆகவே போட வேண்டியது 13 ஆம்பியர் பியூஸ். டேபிள் விளக்கிலிருந்து உருவிய 3 ஆம்பியர் பியூஸைப் போட்டால் நிற்காது. அதைவிட மோசம், ஒரு வீட்டில் பழைய பியூஸ் மேல் வெள்ளிக் காகிதம் சுற்றியிருந்தார்கள்; அதைப் பார்த்த பிறகு அங்கே கொடுத்த கோப்பி இறங்கவில்லை. புதிய 13 ஆம்பியர் பியூஸும் உடனே போய்விட்டால் உள்ளே எங்கோ வயர் முட்டுகிறது என்று பொருள். கெட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், இன்னொரு பியூஸை வீணாக்காதீர்கள்.

விளக்கு எரிகிறது, தண்ணீர் சுடவில்லை

மின்சாரம் வருகிறது, சூடேற்றும் சுருள் அறுந்துவிட்டது. இதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. நேர்மாறாக, தண்ணீர் கொதிக்கிறது ஆனால் விளக்கு எரியவில்லை என்றால் போனது விளக்கு மட்டும்தான், தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஓடுகிறதா நிற்கிறதா என்று இனி ஸ்விட்சைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொதித்த பிறகும் அணையமாட்டேன் என்கிறது

கெட்டில் தானாக அணைவது தண்ணீரின் சூட்டை அளந்து என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆவியைத்தான் பார்க்கிறது. மூடியைத் திறந்து, கண்ணாடியின் மேல் விளிம்பில் கைப்பிடி சேரும் இடத்தைப் பாருங்கள். ஒரு சின்னத் துவாரமோ இரண்டு மூன்று கீற்றுகளோ இருக்கும். கொதி வந்ததும் ஆவி அதற்குள் புகுந்து, கைப்பிடிக்குள் இருக்கும் குழாய் வழியாக இறங்கி, ஸ்விட்சுக்குப் பக்கத்திலுள்ள சிறிய ஈருலோகத் தகட்டைச் சுடும். சூடு பட்டதும் அந்தத் தகடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சட்டென்று வளைந்து ஸ்விட்சைத் தட்டிவிடும். நாம் கேட்கும் அந்த 'டக்' அதுதான். ஐல் ஆஃப் மேன் தீவிலிருக்கும் ஸ்ட்ரிக்ஸ் என்ற நிறுவனம் இந்தக் கட்டுப்பாட்டுப் பாகத்தைச் செய்வதிலேயே பெயர் பெற்றது. கெட்டிலின் மேல் யார் பெயர் இருந்தாலும் அடியில் அவர்களுடைய பாகம் இருக்கலாம். கடைக்காரரிடம் கேட்டு வாங்கலாம், தப்பில்லை.

இது புரிந்துவிட்டால் மீதியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆவி அந்தத் துவாரத்துக்குப் போகவில்லை என்றால் கெட்டிலுக்குக் கொதித்த சேதியே தெரியாது. மூடி முழுதாக மூடவில்லையா? ஆவி மேலே போய்விடும். தண்ணீர் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருக்கிறதா? மேலே வந்து சேரும் ஆவி போதாது. மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பிய்ந்திருக்கிறதா? அதுவும் அதே கதைதான்.

எல்லாம் சரியாக இருந்தால் துவாரம் அடைத்திருக்கும். மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன்கள் ஒருநாள் இரவு பத்து மணிக்கு வந்தார்கள். "அண்ணா, பாதித் தண்ணி வத்திடுச்சு, அப்பவும் அணையல." மூடியைத் திறந்ததுமே வாடை சொல்லிவிட்டது. பால் காய்ச்சியிருக்கிறார்கள். பொங்கிய பால் துவாரத்துக்குள் போய், மஞ்சள் ஆடையாகக் காய்ந்து, தோல் போல ஒட்டியிருந்தது. காது குடையும் பஞ்சுக்குச்சியை வெந்நீரில் நனைத்து அரை மணி நேரம் ஊறவைத்து ஊறவைத்துத்தான் எடுத்தேன். ஒரே துண்டாக வந்தது, நகம் அளவுக்கு. ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே போனால் வராது. வெள்ளைப் படிவு அடைத்திருந்தால் பஞ்சை வினிகரில் நனைத்துக்கொள்ளுங்கள். பால், மேகி, முட்டை எதுவும் கெட்டிலில் வேண்டாம் என்று அந்தப் பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

துவாரம் சுத்தமாக இருந்தும் அணையவில்லை என்றால் தகடு தளர்ந்துவிட்டது. பக்கத்திலேயே நின்று கையால் அணைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஒருநாள் வாசலில் யாராவது வந்து கூப்பிடுவார்கள், மறந்துவிடுவீர்கள்.

கொதி வருவதற்குள் அணைந்துவிடுகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். அதிகபட்சக் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தால் தளும்பும் வெந்நீர் ஆவித் துவாரத்துக்குள் தெறித்து, தகட்டை முன்கூட்டியே சுட்டுவிடும். முதலில் தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள். இன்னொரு காரணம் அடித்தட்டில் படிந்த கெட்டியான வெள்ளை. சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் தட்டிலேயே தங்கி, வெறுங்கெட்டில் என்று நினைத்து அடிப் பாதுகாப்பு அணைத்துவிடும். படிவை நீக்கினால் சரியாகிவிடும். எப்படி என்று கீழே இருக்கிறது. ஒருமுறை அணைந்து உடனே மறுபடி தட்டினால் நிற்காமல் துள்ளுகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். தகடு ஆற ஒரு நிமிடம் வேண்டும், அது கோளாறு அல்ல.

கெட்டிலைப் போட்டதும் வீடே இருட்டாகிவிடுகிறது

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

டிபி பாக்ஸை, அதாவது வீட்டு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பெட்டியை, திறந்து எது விழுந்திருக்கிறது என்று பாருங்கள். 'டி' என்ற சோதனைப் பொத்தான் உள்ள பெரியது விழுந்திருந்தால் அது ஆர்சிசிபி, கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச். மின்சாரம் போக வேண்டிய வழியை விட்டு நிலத்துக்குக் கசிகிறது என்று அது சொல்கிறது. வீடுகளில் இருப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் விழும்படி அமைக்கப்பட்டது. ஆளைக் கொல்லும் முன் அணைக்க வேண்டும் என்பதற்காக. சிங்கப்பூரில் 1985 ஜூலை முதல் புதிய வீடுகளில் இது கட்டாயம். அதற்கு முன் கட்டிய வீடுகளும் பொருத்தியாக வேண்டும் என்ற விதி 2023 ஜூலையில் வந்தது, இரண்டு ஆண்டு அவகாசத்தோடு. பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போனால் டிபி பாக்ஸை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒவ்வொரு மின்பாதைக்கும் தனித்தனியாக இருக்கும் சின்ன ஸ்விட்சான எம்சிபி ஒன்று மட்டும் விழுந்திருந்தால் கதை வேறு: அளவுக்கு மீறிய சுமை, அல்லது வயர் முட்டல். கெட்டில், ரைஸ் குக்கர், ஏர் ஃபிரையர் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினவா என்று பாருங்கள்.

ஆர்சிசிபி விழுந்தால் குற்றவாளி கெட்டில்தானா என்று உறுதி செய்யும் முறை இது. வீட்டிலுள்ள எல்லாப் பிளக்குகளையும் உருவுங்கள். மறுபடியும் சொல்கிறேன், உருவுங்கள். சில சாக்கெட் ஸ்விட்சுகள் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் மற்றக் கம்பி வழியாகக் கசிந்து ஆர்சிசிபியைத் தள்ளிவிட முடியும். பிறகு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். ஒன்றும் மாட்டாமலே விழுந்தால் சுவருக்குள் வயரிங் கோளாறு. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள், கெட்டில் நிரபராதி. நின்றால், கெட்டிலின் பீடத்தை மட்டும், மேலே கெட்டில் இல்லாமல், மாட்டுங்கள். விழுந்தால் பீடத்தில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. விழவில்லை என்றால் தண்ணீர் ஊற்றிய கெட்டிலை வைத்துப் போடுங்கள். அப்போது விழுந்தால் கெட்டிலின் சூடேற்றும் சுருளில்தான் கசிவு.

ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்து போட்டதும் விழுந்ததா? நம் ஊர் ஈரப்பதத்தில் அப்படி நடக்கும். சுருளைச் சுற்றியுள்ள காப்புப் பொடி ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஒரே ஒரு முறை முயலுங்கள். மறுபடி விழுந்தால் அதோடு முடித்துக்கொள்ளுங்கள். "மூணாவது தடவை நின்னுடுச்சு" என்று மகிழ்ந்தவர்களை எனக்குத் தெரியும். எதற்காக விழுகிறதோ அந்தக் கசிவு எங்கேயும் போகவில்லை.

பிளக் சுடுகிறது, முள்ளைச் சுற்றிப் பழுப்பேறியிருக்கிறது

கெட்டில் ஓடி முடித்ததும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சாதாரணம். விரல் வைக்க முடியாத சூடு, அல்லது முள்ளைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருப்பது, இணைப்பு தளர்ந்திருப்பதற்கு அடையாளம். வேறு சாக்கெட்டில் போட்டால் சுடவில்லை என்றால் பழைய சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள். எங்கே போட்டாலும் சுட்டால் பிளக்கோடு கெட்டிலையும் விடுங்கள்.

கெட்டிலை நேரே சுவரில்தான் மாட்ட வேண்டும். நீட்டிப்பு வயரில் கெட்டில் 2000 வாட், ஏர் ஃபிரையர் 1500, ரைஸ் குக்கர் 700 என்று சேர்ந்தால் 18 ஆம்பியர் ஆகிறது. 13 ஆம்பியர் பியூஸ்தான் இருக்கிறதே என்பீர்கள். அது அந்தச் சுமையில் உடனே போய்விடாது, சூடேறிக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

ஊரிலிருந்து ஆசையாக வாங்கி வந்த கெட்டிலும் இந்தக் கூட்டம்தான். இந்தியாவிலும் 230 வோல்ட்தான், ஆகவே ஓடும். ஆனால் அந்த உருண்டை முள் பிளக்குக்காகப் பயண அடாப்டர் போடுவார்கள், அது மண் இணைப்பைச் சரியாகக் கொடுக்காமல் போகலாம். அடித்தட்டு உலோகம், கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர். மண் இணைப்பு இல்லாத கெட்டிலை நான் என் வீட்டில் வைக்கமாட்டேன்.

உள்ளே வெள்ளைப் படலம், வானவில் நிறம், பழுப்புப் புள்ளி

அம்மாவின் கேள்விக்கு வருவோம். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து படிகிறது. கிட்டத்தட்டச் சுண்ணாம்புக்கல். உடம்புக்குக் கெடுதல் இல்லை. சென்னையில் போர்த் தண்ணீர் காய்ச்சும் சித்தி வீட்டில் ஒரே மாதத்தில் ஓடு கட்டிவிடும். இங்கே அவ்வளவு வேகமில்லை. இன்னும் சொன்னால், நம் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமலே குடிக்கலாம் என்றுதான் பொதுப் பயனீட்டுக் கழகம் சொல்கிறது. அம்மா ஒப்புக்கொள்ளமாட்டார். நானும் வற்புறுத்துவதில்லை.

நீக்குவதற்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி, கெட்டிலில் பாதி அளவு. முழுதாகக் கொதிக்க விட்டால் நுரைத்துப் பொங்கும், வாடையும் மூன்று நாள் போகாது. சூடேறியதும் அணைத்து அரை மணி நேரம் விடுங்கள். எனக்குப் பிடித்தது எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். தேக்கா மளிகைக் கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கும். ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, சூடாக்கி இருபது நிமிடம். வாடை இல்லை. கண்ணாடி கெட்டிலில் இதைச் செய்வது ஒரு வேடிக்கை: வெள்ளைத் திட்டிலிருந்து நூல் நூலாகக் குமிழ் கிளம்பும். கரியமில வாயு. குமிழ் நின்றால் வேலை முடிந்தது. இரண்டு முறை அலசி, ஒரு முறை வெறும் தண்ணீர் காய்ச்சிக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். புளியும் வேலை செய்யும், பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்லது. ரப்பரில் கறை பிடிப்பதால் கெட்டிலுக்கு நான் போடுவதில்லை. பிளீச்சை வினிகரோடு எந்தக் காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், விஷ வாயு வரும்.

அடித்தட்டில் நீலமும் ஊதாவுமாக வானவில் போல மினுக்கினால் அது எவர்சில்வர் மேல் உண்டான மெல்லிய ஆக்சைடு படலம். விட்டுவிடுங்கள். பழுப்புப் புள்ளி தெரிந்தால் எவர்சில்வர் துரு பிடிக்கிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன், கம்பி நாரால் தேய்த்தீர்களா என்று வீட்டில் விசாரியுங்கள். நாரிலிருந்து உதிர்ந்த இரும்புத் துணுக்குதான் துருப்பிடித்திருக்கும். எலுமிச்சை உப்பிலேயே போய்விடும். போன பிறகும் அதே இடத்தில் குழி விழுந்தது போலத் தெரிந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

தண்ணீரில் பிளாஸ்டிக் வாடை

"கண்ணாடிதானே வாங்கினேன், எங்கிருந்து பிளாஸ்டிக்?" மூடியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மூக்கிலுள்ள வடிகட்டிச் சட்டத்தைப் பாருங்கள். ஆவி முழுதும் அங்கேதான் மோதுகிறது, குளிர்ந்து சொட்டாகத் தண்ணீரிலேயே விழுகிறது. புதிதில் நாலைந்து முறை முழுக் கெட்டில் காய்ச்சிக் கொட்டினால் பெரும்பாலும் போய்விடும். சந்தேகமிருந்தால் அதே குழாய்த் தண்ணீரை ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் அடுப்பில் காய்ச்சி, இரண்டையும் ஆறவைத்து முகர்ந்து பாருங்கள். இரண்டிலும் வாடை வந்தால் அது கிருமி நீக்கத் தண்ணீரில் சேர்க்கும் குளோராமின்; கெட்டில் மேல் தப்பில்லை. கெட்டிலில் மட்டும் வந்து, இரண்டு வாரம் ஆகியும் போகவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள்.

அடியில் ஈரம்

வெளியில் வழிந்ததா, ஆவி குளிர்ந்து சொட்டியதா, உண்மையிலேயே கசிகிறதா? மூன்றும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். கெட்டிலின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, பீடத்தில் வைக்காமல், விரித்த டிஷ்யூ காகிதத்தின் மேல் இரவு முழுவதும் வையுங்கள். காலையில் டிஷ்யூவில் அரைவட்டமாக ஈரம் இருந்தால் கண்ணாடி வளையத்தோடு சேரும் பசையோ ரப்பரோ விட்டுவிட்டது. ஈரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் பிளவு.

சிலிக்கான் பசை வைத்து அடைக்கலாமா என்று கேட்காதவர் இல்லை. வேண்டாம். குளியலறைப் பசை குடிநீருக்கும் ஆகாது, கொதிசூட்டுக்கும் ஆகாது. அந்தக் கசிவுக்கு நேர் கீழே இருப்பது மின் இணைப்பு. எங்கள் வீட்டு முதல் கண்ணாடி கெட்டில் இப்படித்தான் பதினான்காவது மாதத்தில் போனது. உத்தரவாதம் பன்னிரண்டு மாதம்.

கண்ணாடியில் கோடு

டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேல்பரப்பில் மட்டும் வெள்ளையாகத் தெரிந்து, நகம் தடுக்கினால் கீறல். வெளிச்சம் பட்டு உள்ளே ஒரு தகடு போல மின்னினால் விரிசல். விரிசல் என்றால் அன்றோடு நிறுத்திவிடுங்கள், ஒரு விரற்கடை நீளமாக இருந்தாலும்.

நல்ல கெட்டில்களில் இருப்பது போரோசிலிக்கேட் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி சூட்டில் விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும். அதனால்தான் கொதிசூட்டைத் தாங்குகிறது. இடியைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. நான் பார்த்த உடைசல்களில் பாதிக்கு மேல் பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயில் மோதியவை. உடைந்ததைக் குப்பைக் குழாயில் அப்படியே போடாதீர்கள்; செய்தித்தாளில் சுற்றி டேப் ஒட்டுங்கள், அள்ளுகிறவர் கை நம் கை போலத்தான்.

கொதிக்க நேரமாகிறது, சத்தம் போடுகிறது

1.7 லிட்டர், 28 டிகிரி குழாய்த் தண்ணீர், 2000 வாட்: ஐந்து நிமிடம் நியாயமான கணக்கு. செலவாவது 0.16 யூனிட், யூனிட் 30 காசு என்று வைத்தால் ஐந்து காசு. 1500 வாட் கெட்டிலுக்கு ஆறரை ஏழு நிமிடம் ஆகும். இதைவிட ரொம்பத் தாமதமானால் படிவை நீக்குங்கள், மற்றபடி பொறுமையாக இருங்கள்.

சத்தம் நோயல்ல. அடியில் உண்டாகும் ஆவிக் குமிழ்கள் மேலே வருமுன் குளிர்ந்த தண்ணீரில் உடைந்து நசுங்கும் சத்தம் அது. தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதும் தானாகக் குறையும். எதிர்வீட்டுச் சீன அங்கிள் தேநீர்ப் பிரியர். அவர்கள் வழக்கில் குமிழுக்கே பெயர் உண்டாம்: முதலில் நண்டுக்கண், பிறகு மீன்கண். கண்ணாடி கெட்டில் வாங்கியதே அதைப் பார்க்கத்தான் என்கிறார். கெட்டிலுக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் கேட்டதில் நல்ல பதில் இதுதான்.

இனி புதிதுதான் என்று ஆகிவிட்டால்

வாங்கி ஆறு மாதத்துக்குள் என்றால் முதலில் ரசீதைத் தேடுங்கள். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டப்படி, அந்தக் காலத்துக்குள் தெரியவரும் குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு. கடைக்காரர் முரண்டு பிடித்தால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம்.

கடையில் பெட்டியின் மேல் வாட் எண்ணையும் வண்ண விளக்கையும் பார்த்து மயங்காதீர்கள். கெட்டில் இங்கே கட்டுப்படுத்தப்பட்ட பொருள். பாதுகாப்பு முத்திரையும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மலேசியாவின் ஜொகூரில் மலிவாகக் கிடைப்பதில் மூன்று முள் பிளக் இதே மாதிரிதான், ஆனால் அது அவர்கள் ஊர் சிரிம் முத்திரையோடு வரும். பழுதானால் பாலம் தாண்டிப் போக வேண்டும். மூடியைத் திறந்து கையை உள்ளே விடுங்கள். மணிக்கட்டு வரை போகவில்லை என்றால் அடித்தட்டைத் தேய்க்க முடியாது. மூடி பட்டென்று துள்ளித் திறக்கும் ரகமா, மெதுவாக எழும் ரகமா? துள்ளும் ரகம் வெந்நீர்ச் சொட்டைக் கை மேல் தெளிக்கும். குறைந்தபட்சக் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு கோப்பி கலக்க அரை லிட்டர் காய்ச்ச வைக்கும் கெட்டில் தனியாக இருப்பவருக்கு எதற்கு?

கடைசியாக எடை. 1.7 லிட்டர் கண்ணாடி கெட்டில் காலியாகவே ஒரு கிலோவைத் தொடும், நிறைத்தால் மூன்று கிலோவை நெருங்கும். போன தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். காட்சிக்கு வைத்திருந்ததில் தண்ணீர் ஊற்றித் தரச் சொன்னேன், விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே ஊற்றிக் கொடுத்தார். அம்மா ஒரு கையால் தூக்கினார், மறு கையையும் கொடுத்தார், பிறகு மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். "இது உனக்குப்பா," என்றார். நாங்கள் வாங்கி வந்தது ஒரு லிட்டர்.